பழைய விளையாட்டுப் பெட்டியும் புதிய தொலைக்காட்சியும்

கல்லூரி யூபிலி மலரொன்றிலே ரி.வி. கேம் பெட்டிகளைப் பற்றிக் கட்டுரை வரைதல் தகுமோ எனப் பெரியோர் சிலர் ஐயுறக்கூடும். விளையாட்டெனின் மைதானத்தில் வெயர்வை சிந்தி ஆடுவதே விளையாட்டு என்பர் அவர். அவர்தங் கருத்தை நாம் மறுக்கப் புகவில்லை. எனினும், பழைய மாணவர்களுள் நாற்பது வயதையும் ஐம்பது வயதையும் எட்டியோர் பலர், இளமையிலே அத்தகைய பெட்டியொன்றைத் தொலைக்காட்சியில் இணைத்து மரியோவை ஓடவிட்டு மகிழ்ந்தவர்களே. அப்பெட்டி இன்றுஞ் சிலர் வீட்டு அலுமாரியில் உறங்குகின்றது. அதனை எடுத்துத் தூசி தட்டித் தம் பிள்ளைகளுக்குக் காட்ட முற்படுவோர், ஐம்பது அங்குலப் புதிய தொலைக்காட்சியில் இணைத்ததும் திகைத்து நிற்கின்றனர். நிறங்கள் கசிகின்றன, எழுத்துக்களின் ஓரங்கள் நடுங்குகின்றன, உருவங்கள் பக்கவாட்டில் இழுபட்டுத் தடித்துக் கிடக்கின்றன, பொத்தானை அழுத்திச் சிறிது நேரங் கழித்தே மரியோ துள்ளுகின்றான். "இதையா அப்பா இவ்வளவு ஆசையாக விளையாடினீர்கள்?" என்று பிள்ளை கேட்கின்றது.

முன்னர்ப் படம் இவ்வாறிருக்கவில்லை என்று தந்தை கூறினால், பழமை மோகம் பேசுகின்றதென்று பிள்ளை நகைக்கும். ஆனால் தந்தை கூறுவதே உண்மை. அன்று அவர் கண்ட படம் வேறு. இன்று பிள்ளை காணும் படம் வேறு. பெட்டியிலுங் குறையில்லை, தொலைக்காட்சியிலுங் குறையில்லை. ஒன்று பேசும் மொழி மற்றதற்கு விளங்காமையே காரணம். இவ்விரண்டுக்குமிடையே நல்ல மொழிபெயர்ப்பாளன் ஒருவனை அமர்த்துவது எங்ஙனம் என்பதையே இக்கட்டுரையிற் கூற எண்ணுகின்றோம்.

முதலிற் பழைய தொலைக்காட்சி எவ்வாறு படம் வரைந்ததென அறிதல் வேண்டும். இதனை அறியாதார் எத்துணைப் பணஞ் செலவிடினும் நற்படம் பெறுதல் அரிது. கதோட்டுக் கதிர்க் குழாயின் பின்புறத்திலிருந்து புறப்படும் இலத்திரன் கற்றை, காந்தச் சுருள்களால் வளைக்கப்பட்டு, கண்ணாடியின் உட்பூச்சின்மீது இடமிருந்து வலமாக ஒரு கோடு இழுக்கும்; பின் சற்றுக் கீழிறங்கி அடுத்த கோட்டை இழுக்கும். கொப்பியிலே வரிவரியாக எழுதிச் செல்லும் மாணவனை இதற்கு உவமை கூறலாம். கற்றை பட்ட இடம் ஒளிர்ந்து, விரைவிலேயே மங்கிவிடும். ஆகவே எந்தக் கணத்திலும் திரை முழுவதும் ஒரே பிரகாசமாய் இருப்பதில்லை. முழுப்படமாகக் காண்பது நம் கண்ணின் செயல்.

அமெரிக்காவிலும் யப்பானிலும் வழங்கிய என்.ரி.எஸ்.சி. முறையில் ஒரு முழுப்படத்துக்கு 525 கோடுகள். இவற்றை ஒரே மூச்சில் வரைவதில்லை. முதலில் ஒன்றுவிட்டொரு கோடாக ஓர் அரைப்படமும், பின்னர் அதன் இடைவெளிகளில் மற்றோர் அரைப்படமும் வரையப்படும். ஆகவே அரைப்படம் ஒன்றுக்கு 262½ கோடுகள். செக்கனுக்கு ஏறத்தாழ 60 அரைப்படங்கள். இங்கே வரும் அந்த அரைக்கோட்டை வாசகர் மறவாதிருத்தல் வேண்டும். ஒவ்வோர் அரைப்படமும் பாதிக் கோட்டில் முடிவதனாலேயே அடுத்தது சற்றுத் தள்ளித் தொடங்கி, முன்னைய கோடுகளின் நடுவே பொருந்தி விழுகின்றது.

விளையாட்டுப் பெட்டிகளை அமைத்தோர் இவ்வரைக்கோட்டைத் தந்திரமாக நீக்கிவிட்டனர். நின்ரெண்டோ கம்பனி 1983 ஆம் ஆண்டு யூலை மாதம் யப்பானில் வெளியிட்ட பமிகொம், அரைப்படந்தோறும் 262 முழுக் கோடுகளையே அனுப்பியது. அரை இல்லாமையால் ஒவ்வொரு படமும் முன்னையதன் மேலேயே சரியாக விழுந்தது. படத்துக்குரிய கோடுகள் 240 மட்டுமே. ஆயினும் செக்கனுக்கு அறுபது தடவை முழுமையான, நடுக்கமற்ற படங் கிடைத்தது. மற்றைய அரைப்படத்துக்குரிய கோடுகள் என்றும் வரையப்படாது இருளாகவே கிடந்தன. படத்தினூடே மெல்லிய கரிய வரிகள் ஓடியது இதனாலேயே. சேகா கம்பனியின் மெகா டிரைவ் (1988), நின்ரெண்டோவின் சுப்பர் பமிகொம் (1990), சொனியின் பிளேஸ்ரேசன் (1994) ஆகியவையும் பெரும்பாலும் இத்தந்திரத்தையே கையாண்டன. நம் கடைகளில் ரி.வி. கேம் என்று விற்பனையான மலிவுப் பெட்டிகளிற் பல பமிகொம்மின் நகல்களேயாதலின், அவற்றுக்கும் இது பொருந்தும்.

இனிப் புதிய தொலைக்காட்சிக்கு வருவோம். அதிற் கற்றையுமில்லை, கோடுமில்லை. குறுக்கே 1920, நெடுக்கே 1080 எனவோ, 4கே எனப்படுவதாயின் 3840, 2160 எனவோ அசையாத புள்ளிகள் உண்டு. வருகின்ற படம் சிறியதாயின் அதனைப் பெருப்பித்தே காட்டல் வேண்டும். பெருப்பிக்கும் முன் என்ன வந்தது என அது அறிதல் வேண்டும். தவறு நிகழ்வது இங்கேதான். மஞ்சள் முனைவழி வரும் சைகை தொலைக்காட்சி நிலையத்தின் சைகை என்றே பல தொலைக்காட்சிகள் கருதிவிடுகின்றன. இல்லாத அரைக்கோட்டை உண்டெனக் கொண்டு, இரு வேறு படங்களை ஒரே படத்தின் இரு பாதிகளெனப் பின்னுகின்றன. ஓடும் உருவத்தின் ஓரங்கள் சீப்பின் பற்கள்போலக் கிழிவது இதனாலாகும். அக்கால விளையாட்டுக்களில் நிழலையும் புகையையும் காட்ட ஓர் உருவத்தை ஒரு படத்தில் வைத்து அடுத்த படத்தில் நீக்கி மாறிமாறி மின்ன விடுவர். படக்குழாயில் அது கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும். புதிய தொலைக்காட்சியிலோ அந்நிழல் வரிவரியாக உறைந்து நிற்கும், அல்லது அடியோடு மறைந்துபோகும்.

ஆகவே பரிகாரத்தின் முதற்படி, பெட்டியிலிருந்து இயன்றவரை தூய சைகையைப் பெறுதல். யப்பானிய முதற் பமிகொம்மில் அன்ரெனாவழியன்றி வேறு வழியில்லை. படமும் ஒலியும் வானொலி அலையேறி வருமாதலின் இதுவே கடைப்பட்டது. அடுத்தது மஞ்சள் முனை. ஒளியும் நிறமும் ஒரே கம்பியில் நெருக்குண்டு வருதலின் ஒன்று மற்றதிற் கசியும். எஸ் வீடியோவில் அவ்விரண்டும் வெவ்வேறு கம்பியில் வரும். வேறுபாடு முதற் பார்வையிலேயே தெரியும். செம்மை, பச்சை, நீலம் என மூன்றும் தனித்தனி வருவதே தலைசிறந்தது. மெகா டிரைவும் சுப்பர் பமிகொம்மும் பிளேஸ்ரேசனும் இம்மூன்றையும் இயல்பாகவே வெளியிடுகின்றன என்பது பலர் அறியாத செய்தி. தக்க வடம் ஒன்று வாங்கினாற் போதும். பெட்டியைத் திறக்க வேண்டியதில்லை. இவ்வடத்தின் முனையில் ஸ்கார்ட் எனும் 21 ஊசிகொண்ட பெரிய செருகி இருக்கும். பிரான்சிற் பிறந்து ஐரோப்பாவெங்கும் பரவியது அது. யப்பானிலும் இதே உருவமுள்ள செருகியொன்று வழங்கியது. தோற்றம் ஒன்றாயினும் உள்ளே கம்பிகளின் ஒழுங்கு வேறு. ஒன்றை மற்றதன் துளையிற் செருகினாற் பொருள் பழுதுபடக்கூடுமாதலின், வாங்கும்பொழுதே வினவியறிதல் நன்று.

இரண்டாம் படி மொழிபெயர்ப்பாளன். கடைகளில் மலிவாக விற்கும் சிறு பெட்டிகள் சில, மஞ்சள் முனையை எச்.டி.எம்.ஐ. ஆக மாற்றுவதாகக் கூறி, 1080 என்று பெரிதாக முகப்பிலும் பொறித்திருக்கும். அவற்றை வாங்கவேண்டா என்பதே எம் துணிபு. தொலைக்காட்சி செய்யும் அதே தவற்றை அவையுஞ் செய்து, போதாக்குறைக்குப் படத்தை அகலத்தில் இழுத்து, தாமதத்தையுங் கூட்டிவிடுகின்றன. பழைய பெட்டிகளின் 240 கோட்டு இயல்பை அறிந்தே அமைக்கப்பட்ட மாற்றிகள் வேறு உள. ஓ.எஸ்.எஸ்.சி. என்பது அவற்றுள் ஒன்று. அதன் வரைபடங்கள் எவரும் பார்க்கத்தக்கவாறு பொதுவில் உள்ளன. வந்த ஒவ்வொரு கோட்டையும் அப்படியே இரண்டாக, மூன்றாக, நான்காக, ஐந்தாகப் பெருக்கி உடனுக்குடன் அனுப்புதலே அதன் வேலை. முழுப்படத்தைச் சேமித்து வைப்பதில்லையாதலின் தாமதம் இல்லையென்றே சொல்லலாம். ஆனால் அது அனுப்பும் வழக்கத்துக்கு மாறான அளவுகளை எல்லாத் தொலைக்காட்சிகளும் ஏற்பதில்லை. றெற்றோரிங்க் எனும் வரிசையைச் சேர்ந்த மாற்றிகள் படத்தைச் சேமித்து, தொலைக்காட்சி விரும்பும் அளவிலேயே கொடுக்கவல்லன; 2023 இன் இறுதியில் 4கே அளவுக்கே பெருப்பிக்கும் ஒன்றும் வந்தது. விலை அதிகந்தான். ஒரு பெட்டிக்காக மட்டும் வாங்குவோருக்கு எஸ் வீடியோவை ஏற்கும் எளிய மாற்றியொன்றே போதுமானது.

பெருக்கற் கணக்கில் ஒரு சிக்கல் உண்டு. 1080 ஐ 240 ஆல் வகுத்தால் 4½ வரும். மீண்டும் ஓர் அரை குறுக்கே வந்து நிற்கின்றது! நாலரை மடங்காக்கின் ஒரு கோடு நான்கு புள்ளி உயரமும் அடுத்தது ஐந்து புள்ளி உயரமுமாக மாறிமாறி அமையும்; காட்சி மேலுங் கீழும் நகரும்பொழுது நீரலைபோல் நெளியும். நான்கு மடங்காக்கி, மேலே 60 கீழே 60 எனக் கரிய பட்டி விடலாம். அல்லது ஐந்து மடங்காக்கி, மிகுவதை வெட்டிவிடலாம். எம் பரிந்துரை இரண்டாவதே. சுப்பர் பமிகொம்மின் விளையாட்டுக்களிற் பெரும்பாலானவை 224 கோடே வரைகின்றன. ஐந்து மடங்கு 1120. இழப்பது மேலே நான்கு கோடு, கீழே நான்கு கோடு. பழைய தொலைக்காட்சியின் விளிம்பு இதனிலுங் கூடுதலாக மறைத்ததே! 4கே தொலைக்காட்சியில் இத்தொல்லை இல்லை. 2160 என்பது 240 இன் ஒன்பது மடங்கு.

அகலத்தைப் பொறுத்தவரை விதி ஒன்றே. படம் நான்குக்கு மூன்று என்ற விகிதத்தில் இருத்தல் வேண்டும். பக்கங்களிற் கரிய பட்டிகளைக் கண்டு மனம் பொறாது திரையை நிரப்புவோர், படத்தை மூன்றிலொரு பங்கு கூடுதலாக இழுக்கின்றனர்; சக்கரம் முட்டையாகின்றது, மரியோ தொந்தி வளர்க்கின்றான்.

மூன்றாம் படி செலவற்றது. ஆயினும் பலர் செய்யாது விடுவது. புதிய தொலைக்காட்சி வருகின்ற எப்படத்தையுந் தானே திருத்த முயல்கின்றது: கூர்மையாக்கும், இரைச்சல் நீக்கும், இரு படங்களுக்கிடையே இல்லாத படமொன்றைக் கற்பித்து நுழைக்கும். இவற்றுக்கெல்லாம் நேரம் வேண்டும். பத்திலொரு செக்கன் தாமதமெனின் சிறிதெனத் தோன்றும். ஆனால் அதற்குள் பெட்டி ஆறு படங்களை அனுப்பிவிடுகின்றது. 1987 இல் வந்த மைக் ரைசன் குத்துச்சண்டை விளையாட்டில் எதிராளியின் முட்டி எழுவதைக் கண்டு விலகக் கிடைக்கும் அவகாசம் மிகச் சிறிது. அதிற் பாதியைத் தொலைக்காட்சியே விழுங்கிவிடுமாயின் ஆடுபவன் என் செய்வான்? தன் திறமை போயிற்றென்று நொந்துகொள்வோர், முதலில் தொலைக்காட்சியின் 'கேம் மோட்' எனும் அமைப்பை இயக்கிப் பார்ப்பாராக. கூர்மையாக்கலை நடுநிலைக்குக் குறைத்து, அசைவைச் சீராக்கும் வசதியையும் இரைச்சல் நீக்கத்தையும் நிறுத்திவிடுதல் வேண்டும். நடுநிலையென்பது சில தொலைக்காட்சிகளிற் பூச்சியம், வேறு சிலவற்றில் ஐம்பது. எழுத்துக்களைச் சூழ்ந்த வெள்ளை விளிம்பு மறையும் இடமே அது.

இவ்வளவுஞ் செய்தபின் படம் கத்திமுனைபோல் தெளிந்து நிற்கும். அதுவே சிறந்த படமாகுமோ என்பது வேறு கேள்வி. மெகா டிரைவ் மொத்தம் 512 நிறங்களிலிருந்து ஏறத்தாழ அறுபதையே ஒரு வேளையிற் காட்டவல்லது. ஆகவே ஓவியர் இரு நிறப் புள்ளிகளை அருகருகே வைத்து மூன்றாம் நிறத்தைத் தோற்றுவித்தனர். 1991 இல் வெளிவந்த சொனிக் விளையாட்டின் முதற் களத்திலே நீர்வீழ்ச்சியொன்று உண்டு. அது நெடுக்குக் கோடுகளாலாயது. ஒரு புள்ளி நீர், ஒரு புள்ளி வெறுமை. மஞ்சள் முனையின் கசிவிலே அக்கோடுகள் ஒன்றோடொன்று கரைந்து, பின்னாலுள்ள பாறை தெரியும் நீர்த்திரையாக மாறும். தூய மூவண்ணச் சைகையிலோ அது சன்னற் கம்பிகளாகக் காட்சியளிக்கின்றது. கசிவைக் குறையென்று நாம் நீக்கினோம். ஓவியனோ அக்கசிவையே தூரிகையாகக் கொண்டிருந்தான். ஆதலின் மெகா டிரைவ் உடையோர் மஞ்சள் வடத்தை எறிந்துவிடாது வைத்திருப்பது நலம். சில விளையாட்டுக்களுக்கு அதுவே உகந்தது.

நிறத்திலும் இத்தகைய புதிரொன்று உண்டு. அமெரிக்காவில் 1985 இல் வந்த நின்ரெண்டோ பெட்டியின் படச்சில்லு மூவண்ணமாக எதனையும் ஆக்குவதில்லை. கலந்த சைகையையே நேராகப் பிறப்பிக்கின்றது. அதனைப் பிரித்து நிறமாக்குவது தொலைக்காட்சியின் பொறுப்பு. ஒவ்வொரு தொலைக்காட்சியும் அதனை ஒவ்வொரு விதமாகச் செய்தது. மரியோவின் வானம் ஒரு வீட்டில் தெளிநீலம், அயல்வீட்டிற் சற்றே ஊதா. இப்பெட்டிக்கு மூவண்ணம் பெற வேண்டின் உள்ளே புதிய பலகையொன்று பொருத்தல் வேண்டும்; பொருத்தியோர் எந்த வானம் மெய்யான வானம் என இன்றும் வாதிடுகின்றனர். எம்மைக் கேட்பின், அவரவர் இளமையிற் கண்ட வானத்தை அவரவர் தெரிவு செய்துகொள்வதே முறை என்போம்.

கூர்மை கண்ணை உறுத்துமாயின், முன்கூறிய மாற்றிகளில் கரிய வரிகளைச் செயற்கையாக இடும் வசதி உண்டு. 1080 அளவுத் திரையில் இது ஓரளவே பொருந்தும். 4கே திரையில் ஒரு கோட்டுக்கு ஒன்பது புள்ளிகள் இருத்தலின், நடுவிற் பிரகாசித்து ஓரத்தில் மங்கும் பழைய கோட்டின் சாயலை நன்கு கொணரலாம். வரியிட்டதும் படம் இருளும். தொலைக்காட்சியின் பின்னொளியை உயர்த்திச் சரிசெய்க.

எமது நாட்டார்க்குச் சிறப்பாகக் கூறவேண்டியவை இரண்டு. ரூபவாகினி 1982 இல் ஒளிபரப்பைத் தொடங்கியபொழுது இங்கு வழங்கியது ஐரோப்பியப் 'பால்' முறை (அருந்தும் பாலன்று). 625 கோடு, செக்கனுக்கு 50 அரைப்படம். ஐரோப்பாவுக்கென அமைந்த பெட்டிகளும் ஐம்பதே அனுப்பின. அறுபதுக்கென ஆக்கிய விளையாட்டைத் திருத்தாது அதிலிட்டால் ஆறிலொரு பங்கு மெதுவாக ஓடும். மேலுங் கீழுங் கரிய பட்டியும் விழும். சொனிக்கின் முதல் விளையாட்டில் இசையுமே தளர்ந்துவிடும். இத்தளர்ச்சிக்கு எவ்வடமும் மருந்தாகாது. வாங்குவோர் யப்பானிய அல்லது அமெரிக்கப் பெட்டியை நாடுதல் நன்று. ஆனால் அங்ஙனம் வாங்கியோர் அதனோடு வந்த மின்மாற்றியை நம் சுவரிற் செருகிவிடலாகாது. யப்பானில் மின்சாரம் 100 வோல்ற்று, அமெரிக்காவில் 120, இங்கு 230. ஒரு கணத்திற் கருகிவிடும். அமெரிக்க நின்ரெண்டோவின் மின்மாற்றி ஆடலோட்டத்தையே தரும். யப்பானியப் பமிகொம்முக்கு வேண்டியது நேரோட்டம். ஒன்றின் மின்மாற்றியை மற்றதற்கு இடுதலும் ஆகாது.

மாற்றி எதனாலுந் தீராத குறையொன்று உண்டு. அது துப்பாக்கி. நின்ரெண்டோவின் வாத்து வேட்டையில் விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் முழுவதும் கறுத்து, அடுத்த கணம் வாத்து நின்ற இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் தோன்றும். துப்பாக்கி ஒளியை உமிழ்வதில்லை. அதன் குழலுக்குள் ஒரு கண் இருந்து அவ்வெள்ளையை நோக்குகின்றது. கண்டால் வாத்து விழும். புதிய தொலைக்காட்சியில் அவ்வெள்ளை தாமதித்தே வரும். அதற்குள் பெட்டி 'தவறிற்று' எனத் தீர்த்துவிடும். அன்றியும், செக்கனுக்கு 15,700 அளவிற் கோடிழுக்கும் கற்றையின் துடிப்பை மட்டுமே அக்கண் வெளிச்சமென ஏற்குமாறு அமைந்தது. ஒரே சீராக ஒளிரும் புதிய திரை எத்துணை வெண்மையாயினும் அதற்கு இருட்டே.

ஆகையால் அசற் பெட்டியிலும் அசற் துப்பாக்கியிலும் மாற்றமெதுவுஞ் செய்யாது வாத்து வீழ்த்த விரும்புவோர் படக்குழாய்த் தொலைக்காட்சியொன்றைத் தேடிக்கொள்ளல் வேண்டும். பதினான்கு அங்குலமே போதும். இத்தொலைக்காட்சிகள் இப்பொழுது குப்பையோடு குப்பையாகப் போகின்றன. உற்றார் வீட்டில் ஒன்று கிடக்குமாயின் எறியுமுன் கேட்டு வைத்துக்கொள்க. பால் முறைக்கென அமைந்தவற்றுட் சில, அறுபதுக்குரிய படத்தை ஏற்பினும் நிறமின்றிக் காட்டும். பெட்டியைக் கொண்டுசென்று இணைத்துப் பார்த்தே எடுத்தல் வேண்டும். படம் ஒரு பக்கஞ் சாய்ந்தோ, மூலையில் நிறந் திரிந்தோ இருப்பின் அதனைத் திருத்தலாம். ஆனால் பின்மூடியைத் தாமே கழற்றலாகாது. குழாயில் இருபதாயிரம் வோல்ற்றுக்கு மேல் நிற்கும். மின்சாரத்தை நிறுத்திய பின்னரும் அது உடனே நீங்குவதில்லை. பழைய தொலைக்காட்சிகளைப் பழுதுபார்த்துக் கைதேர்ந்த ஒருவரிடமே அவ்வேலையை விடுக.